போய் வருகிறேன் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு

தாமாகவே ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



ஜப்பானில் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையானாலும் வேலைக்குப் போகும் பெரியவரானாலும், வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே ‘இத்தே கிமாஸ்’ என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். ‘இத்தே’ என்றால் போய். ‘கிமாஸ்’ என்றால் வருகிறேன். உள்ளே இருப்பவர்கள் ‘இத்தே ராஷ்ஷாய்’ என்பார்கள், போய் வாருங்கள். என்னிடம் இருந்த ஆங்கில விளக்க நூலில் இந்த ஒரு வாசகத்துக்கு நீளமாக விளக்கம் எழுதியிருந்தார்கள். கிளம்பும்போது சொல்வது, திரும்பி வருவேன் என்ற பொருளும் அடங்கியது, நேர்ச்சொல் ஆங்கிலத்தில் இல்லை என்றெல்லாம். அதை மூன்று முறை படித்தேன். அப்புறம்தான் என் பாட்டி நினைவுக்கு வந்தாள். ‘போறேன்னு சொல்லாதடி, போயிட்டு வரேன்னு சொல்லு’ என்று எத்தனை முறை வாசலில் நிறுத்தித் திருத்தியிருப்பாள்! அந்த விளக்கம் முழுவதும் எனக்குத் தேவையே இல்லை. எனக்கு அது ஆறு வயதிலேயே தெரியும்.

இந்த மடலை எழுதத் தூண்டியது அந்த நாள்தான். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் நான். ஒரகடத்தில் ஓர் உதிரிபாக ஆலையில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். இன்று அதே ஆலையில், ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் நம் தொழிலாளர்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறேன். நடுவில் நடந்தது எல்லாம் கம்பெனி பஸ்ஸில் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தது. அதற்கு முன்னால் ஒரு வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்திருந்தேன். ‘இங்கிலீஷ் சரியா வராதவங்களுக்கு ஜாப்பனீஸ் வராதும்மா’ என்று அங்கே சொன்னார்கள். நான் நம்பினேன். இரண்டு மாதத்தில் நின்றுவிட்டேன். உங்களில் எத்தனை பேரிடம் இன்னும் அதே வார்த்தையைச் சொல்கிறார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அது பொய். ஜப்பானிய வாக்கியம் தலைகீழாக இருக்கிறது என்பது ஆங்கிலத்திலிருந்து பார்க்கிறவர்கள் சொல்கிற பேச்சு. நமக்கு அது நேராகத்தான் இருக்கிறது.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துக் காட்டுகிறேன். ‘கினோ எகி தெ கத்தா ஹொன் ஒ யோந்தே மிதா க, யொகு வகரனகத்தா.’ இதை ஒவ்வொரு சொல்லாக, வந்த வரிசையிலேயே, கீழே தமிழில் எழுதிப் பாருங்கள். நேற்று, ஸ்டேஷன், இல், வாங்கிய, புத்தகம், ஐ, படித்து, பார்த்தேன், ஆனால், நன்றாக, புரியவில்லை. ஒட்டிப் படித்தால் நேற்று ஸ்டேஷனில் வாங்கிய புத்தகத்தைப் படித்துப் பார்த்தேன், ஆனால் நன்றாகப் புரியவில்லை. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றவில்லை. ஆங்கிலத்தில் இதையே சொல்ல வேண்டுமானால் புத்தகத்தை முன்னே இழுத்து, வாங்கியதைப் பின்னே தள்ளி, ஸ்டேஷனைக் கடைசிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆங்கில விளக்கம் வழியாகப் படிக்கும் தமிழ் மாணவர் வாக்கியத்தை ஒருமுறை கவிழ்த்து, மனசுக்குள் தமிழாக்கும்போது மறுபடி நிமிர்த்துகிறார். இரண்டு வேலையும் வீண்.

பார்த்தேன் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். படித்துப் பார்த்தேன் என்கிறோமே, அங்கே கண்ணால் பார்ப்பது எதுவும் இல்லை; முயன்று பார்ப்பதுதான். ஜப்பானியரும் அதே இடத்தில் அதே ‘மிரு’, பார் என்ற வினையைத்தான் போடுகிறார்கள். விருந்தாளி வருவதற்கு முன்னால் பழம் வாங்கி வை என்கிறோம். அவர்களும் வாங்கு என்பதன் எச்சத்தோடு ‘ஒகு’, வை என்பதைச் சேர்க்கிறார்கள். கொண்டு வா, கொண்டு போ இரண்டும் அப்படியே உண்டு. மறந்துவிட்டேன் என்பதில் நமக்கு ‘விடு’ செய்கிற வேலையை அங்கே ‘ஷிமாவு’ செய்கிறது. மறந்ததைப் பற்றிய வருத்தம்கூட அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. பள்ளியில் துணைவினை என்று ஒரு பாடம் படித்தோமே, அதைத் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில நூல்கள் இவை ஒவ்வொன்றையும் தனித்தனி ‘அமைப்பு’ என்று எண் போட்டு, மாதக்கணக்கில் இடைவெளி விட்டுச் சொல்லித்தருகின்றன.

இதில் நான் பட்டுக் கற்ற ஒரு பாடத்தைச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்புக்கு நின்ற முதல் வாரம். ஒரு ஜப்பானிய அதிகாரி அறைக்குள் எட்டிப் பார்த்து ‘ஒக்யாகுசமா க கிதே இமாஸ்’ என்றார். புத்தகத்தில் ‘தே இரு’ என்ற அமைப்புக்கு, நடந்துகொண்டிருக்கும் செயல் என்று முதலில் படித்திருந்தேன். அதனால் ‘விருந்தாளி வந்துகொண்டிருக்கிறார்’ என்று எங்கள் மேலாளரிடம் சொன்னேன். அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்குப் போய் வெயிலில் நின்றார். விருந்தாளியோ அரை மணி நேரமாக உள்ளே கூட்ட அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ‘கிதே’ என்றால் வந்து. ‘இமாஸ்’ என்பது ‘இரு’. வந்து இருக்கிறார். வந்திருக்கிறார்! உச்சரிப்பில்கூட இரண்டும் ‘இரு’. தமிழ் வழியாக யோசித்திருந்தால் அந்தத் தவறு நடந்திருக்கவே முடியாது. ‘கெக்கோன் ஷிதே இமாஸ்’ என்றால் கல்யாணம் ஆகியிருக்கிறது, கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது என்பதல்ல. சாப்பிடுவது போன்ற வினைகளில் மட்டும் அதே அமைப்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று ஆகும். வருவது, போவது, கல்யாணம் ஆவது, விளக்கு எரியத் தொடங்குவது போன்று ஒரு நொடியில் முடிந்து நிலைத்துவிடும் வினைகளில் ‘-இருக்கிறது’ என்று பொருள் கொள்ளுங்கள்.

உங்களில் பலர் ‘மின்னா நோ நிஹோன்கோ’ என்ற பாடநூலை வைத்துப் படிக்கிறீர்கள் என்று தெரியும். இரண்டு பாகம், 50 பாடம். பெரும்பாலானவர்கள் இடறி விழுவது 14ஆம் பாடத்தில். ‘தே’ வடிவம் அங்கேதான் வருகிறது. எந்த வினை ‘த்தே’ ஆகும், எது ‘ந்தே’ ஆகும், எது ‘இதே’ ஆகும் என்ற அட்டவணையைப் பார்த்து மலைத்துப் புத்தகத்தை மூடிவைத்தவர்களை எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள். அது வினையெச்சம், அவ்வளவுதான். வடிவம் மாறுவதற்குக் காரணமும் நமக்குப் பழகியது. ‘யோமு’ (படி) என்ற வினையின் ‘தே’ வடிவம் ஒரு காலத்தில் ‘யோமிதே’ என்று முழுசாகத்தான் இருந்தது. ஹேயான் எனப்படும் பழங்காலத்தில் தொடங்கிப் பேச்சில் அது இறுகி ‘யோந்தே’ ஆனது. நம்மிடம் கேள் என்பதோடு ‘து’ சேர்ந்தால் கேட்டு, தின் என்பதோடு சேர்ந்தால் தின்று. ஓடி, போய், வந்து, கண்டு என்று நாம் ஒரு நாளில் எத்தனை விதமாக எச்சம் போடுகிறோம்! அதற்கு யாரும் நமக்கு அட்டவணை தரவில்லை. அவர்களுடையது நம்முடையதைவிட ஒழுங்கானது. முக்கியமான விதிவிலக்கு என்று பார்த்தால் போ என்ற ‘இகு’ ‘இத்தே’ ஆவதுதான். பத்து வினையை வாய்விட்டு ஒரு வாரம் சொல்லுங்கள், நாக்கு பழகிவிடும்.

17ஆம் பாடத்தில் ‘இகனகெரெபா நரிமாசென்’ என்று ஒரு பெரிய சரம் வரும். ‘கட்டாயம் போக வேண்டும்’ என்று பொருள் எழுதியிருக்கும். அந்தச் சரத்தை அப்படியே விழுங்க வேண்டாம். ‘இகனகெரெபா’ என்பது போகாவிட்டால். ‘நரு’ என்பது ஆகு, ‘நரிமாசென்’ ஆகாது. போகாவிட்டால் ஆகாது. என் அம்மா தினம் சொல்கிற வாக்கியம். அதேபோல ‘நிஹோன் எ இத்தா கொதோ க அரிமாஸ் க’ என்றால் ஜப்பானுக்குப் போனது உண்டா. ‘கொதோ’ நம் போனது, வந்தது என்பதில் உள்ள ‘அது’, ‘அரு’ உண்டு. ‘வருகிறேன் என்று சொன்னார்’ என்பதில் வரும் ‘என்று’ அவர்களுக்கு ‘தொ’. ‘ராமன் என்கிற ஆள்’ என்றால் ‘ராமன் தொ இயு ஹிதோ’. ‘உம்’ அவர்களுக்கு ‘மொ’: நானும், மழை பெய்தாலும், யாரும் வரவில்லை, மூன்று இடத்திலும் அந்த ஒரே ‘மொ’. இந்த ‘உம்’ விஷயத்தில் நான் நெகிழ்ந்துபோனேன் என்று சொன்னால் சிலருக்கு விளங்காது. உங்களுக்கு விளங்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு இன்னொரு கொடுப்பினை. ‘கொரே, சொரே, அரே, தொரே’ என்று சுட்டும் வினாவுமாக நான்கு வரும். எனக்கு அருகில் இருப்பது ‘கொரே’, எட்ட இருப்பது ‘அரே’, எது என்பது ‘தொரே’. உங்கள் கையில், உங்கள் பக்கம் இருப்பது ‘சொரே’. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இந்த ‘சொரே’யில்தான் தடுமாறுவார்கள். தொல்காப்பியம் அ, இ, உ என்று சுட்டை மூன்றாகச் சொன்னது. நாங்கள் ‘உ’வைத் தொலைத்துவிட்டோம். உங்கள் ஊரில் ‘உது என்ன?’ என்று இன்னும் கேட்கிறார்கள். ‘சொரே’ என்றால் உது. அவ்வளவுதான்.

‘வா’, ‘க’ என்ற இரண்டு ஒட்டுகளின் சிக்கலுக்கு வருகிறேன். (எழுவாயின் ‘க’ உண்மையில் மெல்லொலி, அதைக் கீழே சொல்கிறேன்.) எல்லா நூலும் இதில் பல பக்கம் செலவழிக்கும். மிகாமி அகிரா என்று ஒருவர் இருந்தார். 1903இல் பிறந்தவர். கட்டடக்கலை படித்து, பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே தம் மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்தார். 1960இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே ஒரு வாக்கியம்: ‘ஸோ வா ஹனா க நகாய்’. யானை, மூக்கு, நீளம். எழுவாய் யானையா, மூக்கா என்று ஐரோப்பிய இலக்கணத்தை வைத்துக்கொண்டு பலர் குழம்பினார்கள். ‘வா’ எழுவாயைக் காட்டும் உருபே அல்ல, பேச்சு எதைப் பற்றியது என்று காட்டுவது என்று மிகாமி வாதாடினார். நாம் என்ன சொல்வோம்? யானைக்கு மூக்கு நீளம். நமக்கு இதில் குழம்புவதற்கு ஒன்றும் இல்லை. எனக்குத் தலை வலிக்கிறது, எனக்கு மீன் பிடிக்கும், எனக்கு இந்தி புரியும், எனக்குத் தண்ணீர் வேண்டும்: எங்கெல்லாம் நாம் இப்படி ‘எனக்கு’ என்று தொடங்குகிறோமோ அங்கெல்லாம் அவர்கள் ‘வதஷி வா’ என்று தொடங்கி, மீனுக்கும் இந்திக்கும் தண்ணீருக்கும் ‘க’ போடுவார்கள். இதை மனசில் பதித்தால் அந்தச் சிக்கலில் பாதி தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு முழுத் தீர்வு தமிழில் கிடையாது. நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. ‘தான்’ சேர்த்துச் சொல்ல மனம் வந்தால் ‘க’; யார் செய்தது என்று கேட்டால் ‘நான்தான்’ என்போமே, அது ‘வதஷி க’. ‘அவர் வந்து பார்த்தீங்கன்னா’ என்று பேச்சில் இழுத்து நிறுத்துகிற இடத்தில் ‘வா’. பத்துக்கு எட்டு தடவை இது எனக்குக் கைகொடுக்கிறது. மற்ற இரண்டும் கேட்டுக் கேட்டுத்தான் வர வேண்டும்.

இப்போது எச்சரிக்கை. இந்த மடலில் ஜப்பானியச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன், எழுத்துப் படிக்காதவர்களும் இதை வாசிக்க வேண்டும் என்பதற்காக. உங்கள் நோட்டில் இப்படி எழுதாதீர்கள். ‘தரே க கிமாஷ்தா க?’ யார் வந்தது என்ற கேள்வி. இதில் முதல் ‘க’ எழுவாயின் மெல்லொலி, கங்கையில் உள்ளது போல. கடைசி ‘க’ வினாவின் வல்லொலி, கல்லில் உள்ளது போல. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். இதைவிட நுட்பமான பொறி ஒன்று இருக்கிறது. நம் நாக்கு சொல்லின் நடுவில் வரும் ஒற்றை வல்லினத்தைத் தானாக மெலிக்கும். வலிக்க வேண்டுமானால் ஒற்றை இரட்டிக்கும். ஜப்பானியத்தில் இரட்டிக்காமலே வலிக்கும் ஒலி உண்டு. ‘வந்து’ என்பதும் ‘தபால்தலை’ என்பதும் அந்த ஒற்றால் மட்டும் வேறுபடுகிற சொற்கள். முதலாவதைத் தமிழில் ‘கிதே’ என்று எழுதினால் மெலிந்துவிடும், ‘கித்தே’ என்று எழுதினால் தபால்தலை ஆகிவிடும். எழுத வழியே இல்லை. ஹிராகானா அடிப்படை எழுத்து 46. இரண்டு வாரம் போதும். அதன் வரிசையும் உங்களுக்கு ஓரளவு தெரிந்ததுதான்: அ இ உ எ ஒ, பிறகு க ச த ந ஹ ம ய ர வ. ‘ஹ’ இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் ‘ப’ ஒலித்தது. அதைப் போட்டுப் பாருங்கள், நம் நெடுங்கணக்கின் சாயல் தெரியும். சித்தம் என்ற இந்திய எழுத்தைப் படித்த பௌத்தத் துறவிகள் வழியாக அந்த ஒழுங்கு அங்கே போனது. காஞ்ஜி என்கிற சீன எழுத்து தனிப் பாடு. அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலிலேயே 2,136 இருக்கிறது. அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. சாப்பிட்டேன், சாப்பிட்டாய், சாப்பிட்டார் எல்லாம் அவர்களுக்கு ஒரே ‘தபேதா’. யார் என்பது விகுதியில் இல்லை. பெரும்பாலும் வாக்கியத்திலும் இருக்காது. நாமோ இடைவெளியை நிரப்ப ‘வதஷி வா, வதஷி வா’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் போட்டு, கேட்கிறவர் காதில் ‘நான் நான்’ என்று இடித்துக்கொண்டே இருப்போம். அவர்கள் அந்தத் தகவலை வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள், முக்கியமாகக் கொடுக்கல் வாங்கல் சொற்களில். எனக்கோ என் வீட்டாருக்கோ யாராவது தந்தால் ‘குரேரு’. நான் பிறருக்குக் கொடுத்தால் ‘அகேரு’. நண்பர் என் தங்கைக்குப் புத்தகம் தந்தாலும் ‘குரேரு’தான், ஏனென்றால் தங்கை என் பக்கத்து ஆள். ‘தா’ என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும், ‘கொடு’ என்பது படர்க்கைக்கும் என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருந்தது. மலையாளத்தில் அந்தப் பிரிவு இன்றும் பேச்சில் நிற்கிறது. நாம் கலந்துவிட்டோம். ஆனால் ஒட்டிப் பார்க்கும்போது ஓர் இடத்தில் கவனம் வேண்டும்: நான் உனக்குத் தருகிறேன் என்பது அவர்களுக்கு ‘அகேரு’ பக்கம் போய்விடும்.

மரியாதை விஷயத்தில் ஒன்று. நூல்கள் ‘மாஸ்’ வடிவத்தில் தொடங்குவதால், மாதக்கணக்கில் அதையே பேசிவிட்டுச் சாதாரண வடிவத்தை ஒத்திப்போடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதில் மரியாதை எங்கே இருக்கிறது? கடைசி வினையில்தான் ‘ங்க’ சேர்ப்போம். அவர்களும் அப்படித்தான். உள்ளே வரும் வினையெல்லாம் சாதாரண வடிவம். 22ஆம் பாடத்தில் பெயரெச்சம் வருவதற்கு முன்பே அதைப் பழகிவிட்டால், ஆங்கிலம் படித்தவர்கள் வாரக்கணக்கில் திணறும் பாடத்தை நீங்கள் ஒரே மாலையில் தாண்டிப் போவீர்கள்.

இவ்வளவு ஒற்றுமை பார்த்தபின் இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகளா என்று கேட்கத் தோன்றும். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் 1981இல் தமிழையும் ஜப்பானியத்தையும் ஒப்பிட்டு நூல் வெளியிட்டார். தமிழறிஞர் பொற்கோ அவர்களோடு சேர்ந்து உழைத்தார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. வினையைக் கடைசியில் வைப்பதும் உருபுகளைப் பின்னால் ஒட்டுவதும் கொரிய மொழியிலும் துருக்கிய மொழியிலும் உண்டு. இந்த உறவைப் பற்றி மேடையில் முழங்குவதில் எனக்கு ஆர்வமில்லை. உறவு இல்லாவிட்டாலும் உதவி குறையாது. ஓனோவின் உழைப்பின் மேல் எனக்கு மதிப்பு உண்டு, அது வேறு.

தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சென்னையிலும் எழுதலாம். அதன் தொடக்க நிலையான என்5 தேற 180க்கு 80 வேண்டும், கேட்டல் பகுதியில் குறைந்தது 19. பேசவோ எழுதவோ அதில் கேட்பதில்லை, விடையைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான். அதனால் சான்றிதழ் வந்த பிறகும் வாய் திறக்க முடியாமல் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் தினம் மூன்று வாக்கியம் எழுதுங்கள். மேலே ஜப்பானியம், கீழே ஒவ்வொரு சொல்லுக்கும் நேராகத் தமிழ். நல்ல தமிழாக்க முயலாதீர்கள், வரிசையைக் கலைக்காதீர்கள். பிறகு தமிழ் வரியை மட்டும் பார்த்து ஜப்பானியத்தை உரக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் இருந்தால் உதட்டுக்குள்.

என் நோட்டில் நாலு வருஷமாக ஒரு வரிக்குக் கீழே காலியாகவே கிடக்கிறது. ‘அமே நி ஃபுராரேதா.’ மழை, ஆல், பெய்யப்பட்டேன். குடை இல்லாமல் வெளியே போய், மழை பிடித்துக்கொண்டு, வேலையும் கெட்டு, நனைந்த துணியோடு வந்து நிற்கிறவர் சொல்வது. மழை தானாகப் பெய்ததுதான், ஆனால் பாதிக்கப்பட்டவர் அதை எழுவாயாக நின்று சொல்கிறார். மழையில் மாட்டிக்கொண்டேன் என்று எழுதிப் பார்த்தேன், உருபு ஒட்டவில்லை. உங்கள் ஊர்ப் பேச்சில், கொங்குப் பக்கமோ நெல்லைப் பக்கமோ வன்னியிலோ, இதற்கு வேறு ஏதாவது சொல்வீர்களானால் எழுதி அனுப்புங்கள். அந்த இடத்தை இன்னும் யாருக்கும் தராமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரகடம் பஸ்ஸில் உங்களோடு படிக்கும்
உங்கள் அக்கா